பூனையின் காதில் காபித் தூளா? எண்ணெய்ப் புட்டியை எடுக்காதீர்கள்!

உங்கள் வீட்டுப் பூனை அடிக்கடி தலையை உதறுகிறதா? நிம்மதியாகப் படுத்திருக்கும்போதே திடுக்கென்று எழுந்து, பின்னங்காலால் காதைப் பரபரவென்று சொறிகிறதா? அப்படியானால் அதை மடியில் வைத்துக்கொண்டு, காது மடலை மெல்லப் புரட்டிப் பாருங்கள். டிகாக்‌ஷன் இறங்கிய பிறகு ஃபில்டரில் சக்கை தங்குமே, அதைப் போலக் கருப்பும் பழுப்புமாகப் பொடிப்பொடியாக ஒட்டிக்கொண்டிருக்கிறதா? அது தெருவில் சுற்றி வந்த அழுக்கு இல்லை. காதுக்குள் ஒரு கூட்டமே குடித்தனம் நடத்துகிறது!

'சித்த வைத்தியருக்கும் பூனைக் காதுக்கும் என்ன சம்பந்தம்?' என்று நீங்கள் கேட்பது எனக்குப் புரிகிறது. சம்பந்தம் இருக்கிறது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் என்னைப் பார்க்க வருகிறவர்களில் பலர், தங்கள் மூட்டு வலிக்கும் மூச்சிரைப்புக்கும் மருந்து வாங்கிக்கொண்டு வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வருவார்கள். "டாக்டர் சார், வீட்ல பூனை ஒண்ணு காதைப் பிச்சிக்குது. அதுக்கும் ஏதாச்சும் ஒரு எண்ணெய் சொல்லுங்களேன்!" என்பார்கள். இங்கிலீஷ் மருந்து என்றால்தான் பக்கவிளைவு, நம் எண்ணெய் என்றால் ஒன்றும் செய்யாது என்று ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் பூனையின் உயிரே போகலாம் என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

உள்ளே இருப்பது யார்?

உண்ணி இனத்தைச் சேர்ந்த மிகச் சிறிய பூச்சி அது. அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. எட்டுக் கால். விஞ்ஞானப் பெயர் 'ஓட்டோடெக்டிஸ் சைனோட்டிஸ்'. இதில் ஒரு வேடிக்கை. 'சைனோட்டிஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு 'நாயின் காது' என்று பொருள். ஆனால் இது அதிகம் வாட்டுவது பூனையைத்தான்! நம் வசதிக்குக் 'காதுப் பூச்சி' என்றே வைத்துக்கொள்வோம்.

மனிதர்களுக்குச் சொறி சிரங்கு உண்டாக்கும் பூச்சி தோலைத் துளைத்து உள்ளே போகும். இது அப்படிச் செய்வதில்லை. காதுக் குழாயின் தோல் மேலேயே ஊர்ந்து, செதில்களையும் கசியும் நீரையும் தின்று வாழ்கிறது. அதன் எச்சம், உதிர்ந்த தோல், காதுக் குறும்பி, காய்ந்த ரத்தம் எல்லாம் சேர்ந்த கலவைதான் நீங்கள் பார்த்த 'காபித் தூள்'. முட்டை பொரிய ஏறக்குறைய நான்கு நாள். குஞ்சு வளர்ந்து, தானும் முட்டையிடும் பருவத்துக்கு வர மொத்தம் மூன்று வாரம். இந்த மூன்று வாரக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வைத்தியமே இதை வைத்துத்தான்.

இது காற்றில் பறந்து வருவதில்லை. உடம்போடு உடம்பு உரசும்போது ஏறிக்கொள்கிறது. ஆகவே தாயிடமிருந்து குட்டிகளுக்கு மிகச் சுலபமாகத் தொற்றுகிறது. திண்டிவனம் பக்கம் மல்லாட்டை மண்டிகளிலும் அரிசி மண்டிகளிலும் எலிக்காகப் பூனை வளர்ப்பார்கள். அங்கே ஒரு குட்டியை ஆசைப்பட்டுத் தூக்கி வந்தால், காதுப் பூச்சியும் இலவச இணைப்பாக வரலாம். வீட்டை விட்டே இறங்காத பூனைக்கும் புதிதாக வந்த குட்டியிடமிருந்தோ நாயிடமிருந்தோ வரும்.

சந்தேகமாக இருந்தால் ஒரு சின்ன சோதனை. கருப்புக் காகிதம் ஒன்றை விரித்து, காது மடலின் வெளிப்புறத்தில் இருக்கும் தூளைப் பஞ்சால் தொட்டு அதன்மேல் தட்டுங்கள். நல்ல வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், வெள்ளைப் புள்ளிகள் மெல்ல நகரும். நகர்ந்தால் சந்தேகமே வேண்டாம். நகராவிட்டாலும் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சில பூனைகளுக்கு நாலைந்து பூச்சி இருந்தாலே தாங்க முடியாத அரிப்பு வரும். சில பூனைகள் காது நிறையப் பூச்சியை வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாத மாதிரி தூங்கும்.

தன் காதிலேயே விட்டுப் பார்த்த டாக்டர்!

பூனைக்கு எப்படி இருக்கும் என்று அது வாய் திறந்து சொல்லப் போவதில்லை. ஆனால் ஒரு மனிதர் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் வெஸ்ட்போர்ட் என்ற ஊரில் இருந்த கால்நடை மருத்துவர் ராபர்ட் லோபஸ். பூனைகளைக் கொண்டு வந்த ஒரு பெண்மணி, தனக்கும் தன் சின்ன மகளுக்கும் உடம்பில் அரிப்பு என்று சொல்லியிருக்கிறார். பூனைகளின் காதுக்கு வைத்தியம் செய்ததும் இவர்கள் அரிப்பும் நின்றுவிட்டது. லோபஸுக்கு ஆவல். பூனைக் காதிலிருந்து பூச்சிகளோடு சேர்த்து அழுக்கை எடுத்துத் தன் இடது காதுக்குள் விட்டுக்கொண்டார்!

உடனே காதுக்குள் பிராண்டும் சத்தம், பிறகு ஊர்ந்து நடமாடும் சத்தம். அரிப்பு ஏறிக்கொண்டே போனது. இரவு படுக்கப் போகும் நேரத்தில்தான் ஆட்டம் அதிகம், தூக்கமே போய்விட்டது. காது முழுக்க அழுக்கு அடைத்துக்கொண்டது. ஒரு மாதம் ஆன பிறகுதான் அடங்கியது. அதோடு விட்டாரா? இன்னும் இரண்டு முறை செய்து பார்த்தார். ஒவ்வொரு முறையும் தொல்லை முந்தியதைவிடக் குறைவு. உடம்பு எதிர்த்து நிற்கப் பழகிக்கொள்கிறது போலும் என்று எழுதினார். 1993-ல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் இது வெளியானது. 1994-ல், முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆராய்ச்சிகளுக்குத் தரப்படும் 'இக்நோபல்' பரிசு அவருக்குக் கிடைத்தது.

சிரித்தாயிற்று. இனி பூனையை நினைத்துப் பாருங்கள். நமக்கு ஒரு காது, ஒரு மாதம். அதற்கு இரண்டு காது, நாம் கவனிக்கும் வரை மாதக்கணக்கு. மனிதரைவிடப் பல மடங்கு நுட்பமாகக் கேட்கும் காது வேறு! அதனால்தான் காதுக்குப் பின்னால் ரோமம் போய், தோல் கிழிந்து, ரத்தம் வரும் வரை சொறிகிறது. ஓயாமல் உதறி உதறி மடலுக்குள் ரத்தக் குழாய் வெடித்து, காது அப்பளம் பொரிந்த மாதிரி வீங்கிவிடுவதும் உண்டு.

காபித் தூள் எல்லாம் பூச்சியா?

இல்லை. லேசான பழுப்புக் குறும்பி ஆரோக்கியமான பூனைக்கும் இருக்கும். பூஞ்சைக் காளான் பெருகினாலும் கருப்பாக வரும். மஞ்சளாகச் சீழ், கெட்ட வாடை என்றால் கிருமித் தொற்று. காது ஓரத்தில் தடித்துப் பொருக்குக் கட்டி, முகம் கழுத்து என்று பரவினால் அது பூனைச் சொறி, வேறு பூச்சி. தலை ஒரே பக்கம் சாய்ந்து, தள்ளாடி நடந்தால் உள்காது வரை விஷயம் போயிருக்கலாம், அன்றே மருத்துவரிடம் ஓடுங்கள். இவற்றை வீட்டில் கண்ணால் பார்த்துப் பிரிப்பது கஷ்டம். கால்நடை மருத்துவர் காதுக்குள் விளக்கு விட்டுப் பார்த்து, துளி அழுக்கை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் சில நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

எண்ணெய் ஏன் கூடாது?

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

காது குத்துகிறது என்றால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? நல்லெண்ணெயில் இரண்டு பல் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சுவோம். பூச்சி என்றால் வேப்பெண்ணெய். அரிப்பு என்றால் தேங்காயெண்ணெயில் கற்பூரம். சளி, தலைபாரம் என்றால் நீலகிரித் தைலம். இவை எல்லாம் மனித உடம்பை வைத்துச் சொன்ன மருந்துகள். சித்த மருத்துவக் கல்லூரியில் 'குணபாடம்' என்று ஒரு பாடம் உண்டு. எந்தச் சரக்குக்கு என்ன குணம், யாருக்கு எவ்வளவு என்பதைச் சொல்லும் பாடம். குழந்தைக்கு ஓர் அளவு, முதியவருக்கு ஓர் அளவு என்றே ஆயிரம் கணக்குப் பார்க்கும்போது, பூனைக்கு மட்டும் கணக்கே பார்க்காமல் ஊற்றலாமா?

பூனை முழுக்க முழுக்க மாமிச பட்சிணி. செடிகொடிகளில் இருக்கும் காரசாரமான சரக்குகளை முறித்து வெளியேற்ற நம் கல்லீரலில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. அந்த ஏற்பாட்டில் ஒரு முக்கியமான பகுதி பூனையின் கல்லீரலில் ஏறக்குறைய இல்லவே இல்லை. ஆகவே நமக்குச் சில மணி நேரத்தில் கழியும் பொருள், பூனையின் உடம்பில் தங்கி விஷமாகிறது. ஓர் உதாரணம் போதும். நாம் காய்ச்சலுக்குச் சாதாரணமாகப் போட்டுக்கொள்ளும் 500 மில்லிகிராம் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒன்று, ஒரு பூனையைக் கொல்லப் போதும்!

கற்பூரம், நீலகிரித் தைலம், வலி நிவாரணித் தைலங்களில் மணக்கும் எண்ணெய் இவை எல்லாம் இந்த வரிசைதான். இணையத்தில் பலர் சிபாரிசு செய்யும் டீ ட்ரீ ஆயிலும் அப்படியே. பூண்டு வேறு விதத்தில் கெடுதல், பூனையின் சிவப்பணுக்களையே உடைத்து ரத்த சோகை உண்டாக்கும்.

"காதுக்குள்ளதானே விடறோம், வாய்லயா ஊத்தறோம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பூனை என்ன செய்யும் என்று பாருங்கள். காதில் ஈரம் பட்டதும் தலையை உதறும். எண்ணெய் மேலெல்லாம் தெறிக்கும். முன்னங்காலை நக்கி, அதால் காதைத் துடைக்கும், மறுபடி அந்தக் காலை நக்கும். பின்னங்காலால் சொறியும், அதையும் நக்கும். ஆகக் காதில் விட்டது அரை மணி நேரத்தில் வயிற்றுக்குள்!

விழுப்புரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு ரிடையர்டு ரயில்வே ஊழியர் வீட்டில் இதுதான் நடந்தது. தேங்காயெண்ணெயில் தலைவலித் தைலத்தைக் கலந்து இரண்டு காதிலும் விட்டிருக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் பூனை வாயில் எச்சில் ஒழுக, கால் பின்னிப் பின்னி விழ ஆரம்பித்தது. எனக்குப் போன் வந்தது. "வெதுவெதுப்பான தண்ணீரில் குழந்தை ஷாம்பூ போட்டு ரோமத்தை அலசுங்க, காதுக்குள்ள தண்ணி விடாதீங்க, துண்டால் சுத்தி உடனே கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. வாந்தி எடுக்க வைக்க எதையும் புகட்டாதீங்க" என்றேன். இரண்டு நாள் சலைன் ஏற்றி, பிழைத்தது. அந்த வீட்டு அம்மா சொன்ன வார்த்தை இன்னும் ஞாபகம் இருக்கிறது. "கைக்குழந்தைக்கே நெஞ்சுல தடவறோமே சார்னு நினைச்சேன்!"

இதைப் படித்துவிட்டு, 'பச்சிலை வைத்தியமே கால்நடைக்கு ஆகாது' என்று யாராவது கிளம்பிவிடப் போகிறார்கள்! அதுவும் தப்பு. மாட்டுக்கு மடிநோய் வந்தால் சோற்றுக் கற்றாழையும் மஞ்சளும் சுண்ணாம்பும் அரைத்துப் பூசும் முறையை, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையமே ஆராய்ந்து ஊர் ஊராகப் பரப்பியிருக்கிறது. மாடு இலை தழை தின்கிற ஜாதி. அதன் உடம்பு வேறு, பூனையின் உடம்பு வேறு.

வெறும் தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ ஒன்றும் கலக்காமல் இரண்டு சொட்டு விட்டால்? விஷம் இல்லை. காய்ந்த அழுக்கு ஊறும், சில பூச்சிகள் மூச்சு முட்டிச் சாகவும் சாகும். ஆனால் பூனை சுருண்டு படுக்கும்போது காதும் வாலும் ஒட்டிக்கொள்ளும் அல்லவா? கழுத்திலும் வால் நுனியிலும் கூடப் பூச்சி இருக்கும். காதில் எண்ணெய் விட்டால் அவை மறுபடி ஏறி வரும். நோயும் தீராது, காதும் எண்ணெய்ப் பிசுக்காகி மருத்துவர் பார்ப்பதற்கும் இடைஞ்சல்.

மண்ணெண்ணெய், ஃபினாயில் பற்றி நான் சொல்லவே வேண்டாம் என்று நினைக்கிறேன். ஆனாலும் விடுகிறவர்கள் இருக்கிறார்கள்!

சரியான வைத்தியம்

பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்துக்கே முதலில் போங்கள். மாட்டுக்கும் ஆட்டுக்கும்தான் அது என்று நினைத்துப் பலர் தயங்குகிறார்கள். பூனையையும் பார்ப்பார்கள். சிக்கலான கேஸ் என்றால் விழுப்புரத்துக்காரர்களுக்குப் புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ்காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து சென்னை பஸ் ஏறுகிறவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி.

இப்போது பெரும்பாலும் கழுத்தின் பின்புறம், நாக்கு எட்டாத இடத்தில் ரோமத்தை விலக்கித் தோலில் விடும் சொட்டு மருந்தைத் தருகிறார்கள். சீட்டில் செலமெக்டின், மாக்ஸிடெக்டின் போன்ற பெயர்கள் இருக்கும். அது தோல் வழியாக உடம்பு முழுக்கப் பரவி, காதில் இருப்பதையும் வாலில் இருப்பதையும் சேர்த்தே தீர்க்கும். காதுக்குள் விடும் சொட்டு மருந்தும் உண்டு. எதுவானாலும் பூனையை எடை போட்டுத்தான் அளவு. எட்டு வாரம் ஆகாத குட்டி என்றால் மருத்துவர் சொல்லாமல் எதையும் தொடாதீர்கள்.

நாய்க்கு உண்ணி மருந்து மிச்சம் இருக்கிறதே என்று பூனைக்கு விடவே கூடாது. நாய் மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. நாய்க்கு ஒன்றும் செய்யாது, பூனைக்கு வலிப்பு கண்டு உயிர் போகும். அதேபோல மனிதர்களின் சொறிக்குத் தரும் ஐவர்மெக்டின் மாத்திரையை உடைத்துக் கொடுப்பதும் ஆபத்து. நம் காதுக்கு வாங்கிய சொட்டு மருந்தும் வேண்டாம். செவிப்பறை கிழிந்திருந்தால் ஜென்டாமைசின், நியோமைசின் கலந்த மருந்து காதைச் செவிடாக்கிவிடலாம்.

காதைச் சுத்தம் செய்யச் சொன்னால் ஒருவர் பிடிக்க, ஒருவர் செய்யுங்கள். பெரிய துண்டை விரித்து, தலை மட்டும் வெளியே தெரியும்படி பூனையைக் குழந்தையைச் சுற்றுவதுபோல் சுற்றிக்கொள்ளுங்கள். நான்கு காலும் உள்ளே! மருத்துவர் தந்த திரவத்தைக் காதில் விட்டு, காதின் அடிப்பகுதியை விரலால் அரை நிமிஷம் பிசையுங்கள், சளசளவென்று சத்தம் கேட்கும். பிறகு விட்டுவிடுங்கள், அதுவே உதறி அழுக்கை மேலே கொண்டு வரும். வெளியே தெரிவதைப் பஞ்சால் துடைத்தால் போதும். பட்ஸை உள்ளே நுழைக்காதீர்கள். பூனையின் காதுக் குழாய் நேராக இறங்கி, பிறகு சட்டென்று உள்பக்கம் திரும்புகிறது. பட்ஸ் அழுக்கை அந்த வளைவில் கெட்டித்து அடைத்துவிடும்.

சொறிவது ஒரு வாரத்திலேயே குறையும். 'சரியாகிவிட்டது' என்று காதுச் சொட்டு மருந்தை நிறுத்துகிறவர்கள்தான் மறு மாதம் மறுபடி வருகிறார்கள். பல மருந்துகள் பூச்சியைக் கொல்லுமே தவிர, முட்டையைக் கொல்லாது. அந்த மூன்று வாரக் கணக்கு ஞாபகம் இருக்கிறதா? கடைசி முட்டை பொரித்து வருவதும் மருந்தில் மாட்ட வேண்டும். இன்னொன்று, வீட்டில் இருக்கும் எல்லாப் பூனைக்கும், நாய் இருந்தால் நாய்க்கும், ஒரே நேரத்தில் மருத்துவர் சொல்லும் வைத்தியம் நடக்க வேண்டும். ஒன்றை விட்டால் எல்லாம் வீண்.

நமக்கு வருமா?

திண்டிவனத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை வந்தார். முன்கையிலும் வயிற்றிலும் கொசு கடித்ததுபோல் சிவப்புத் தடிப்புகள். கத்தரிக்காய், கருவாடு எல்லாம் நிறுத்திப் பார்த்துவிட்டார், குறையவில்லை. தடிப்பு இருந்த இடங்களைப் பார்த்ததும், "வீட்டில் பூனை இருக்காம்மா? எங்கே படுக்குது?" என்று கேட்டேன். "என் வயித்து மேலதான் சார்!" என்றார். பூனையின் இரண்டு காதிலும் கருப்புத் தூள். அவருக்கு நான் மருந்தே எழுதவில்லை. பூனைக்கு வைத்தியம் நடந்தது, மூன்றாவது வாரம் இவருக்குத் தடிப்பு நின்றது. காதுப் பூச்சி மனித உடம்பில் நிலைத்து வாழாது, எப்போதாவது ஏறிக் கடித்துவிட்டுச் செத்துப்போகும். ஆனால் வீட்டில் ஒருவருக்குப் பின் ஒருவராக அரிப்பு பரவினால் அது மனிதச் சொறியாகவோ பூனைச் சொறியாகவோ இருக்கலாம், காட்டிவிடுவது நல்லது.

இதைவிட முக்கியமான பயம் வேறு. மருந்து விடும்போது பூனை கடித்துவிட்டாலோ, ரத்தம் வரக் கீறிவிட்டாலோ, காயத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித் தூள் எதையும் வைக்காதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள். பூனைக்கும் வெறிநோய் வரும். வந்துவிட்டால் சித்தம், ஆங்கிலம் எதிலும் மருந்து கிடையாது. தடுப்பூசி ஒன்றுதான். பூனையைக் காதுக்குக் கொண்டு போகும் அன்றே, அதற்கும் வெறிநோய்த் தடுப்பூசி எப்போது போடலாம் என்று கேட்டு வாருங்கள்.

பூனை படுக்கும் சாக்கு, பழைய புடவை, சோபா உறை எல்லாவற்றையும் வைத்தியம் தொடங்கும் அன்றே வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் காயப் போடுங்கள். உடம்பை விட்டு இறங்கிய பூச்சி சில நாட்கள் வரை தாக்குப் பிடிக்கும். வாரம் ஒரு முறை இதைச் செய்யுங்கள். மருந்து போட்ட தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். ஒரு மாதம் கழித்து அதே கருப்புக் காகிதத்தையும் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். காகிதத்தில் ஒன்றும் நகரவில்லை, பூனையும் காதைச் சொறியவில்லை என்றால், மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிட்டு மருந்தை நிறுத்திக்கொள்ளலாம்.